வான்கூவர்-பரார்டு தொகுதி எங்கே போனது?

கனடிய அரசியல்வாதி ரோஸ்மேரி பிரவுனைப் பற்றிக் கட்டுரை எழுதிவரும் ஒருவர் இங்கே மூன்று ஐயங்களை எழுப்பியிருக்கிறார். பிரவுனும் எமரி பார்ன்ஸும் 1972ஆம் ஆண்டில் வான்கூவர்-பரார்டு என்ற ஒரே தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று படித்தாராம். ஒரு தொகுதிக்கு எப்படி இரண்டு உறுப்பினர்கள் இருக்க முடியும் என்பது முதல் ஐயம். அந்தப் பெயரில் இன்று எந்தத் தொகுதியும் இல்லையே, அது எப்போது, எதனால் மறைந்தது என்பது இரண்டாவது. தாமஸ் பர்கர் அதே தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் என்று ஓரிடத்திலும் சட்டமன்ற உறுப்பினர் என்று வேறோரிடத்திலும் காணப்படுகிறதே, இவற்றுள் எது பிழை என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: தொகுதியின் பெயர் மாறாமல் இருந்தால் அது குறிக்கும் நிலமும் மக்களும் மாறாமல் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதற்கு வான்கூவர்-பரார்டைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. பழைய தேர்தல் முடிவுகளையும் எல்லை வரையறைகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன்; ஆனால் நான் வழக்கறிஞன் அல்லன். எனவே கீழே நீதிமன்றத் தீர்ப்பு பற்றி வரும் இடத்தை மட்டும் சட்டம் படித்த யாரேனும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் அதில் குழப்பமே இல்லை. இரண்டு குறிப்புகளும் சரி. கனடாவில் ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கு ஒரு தொகுதி வரைபடமும், மாகாணச் சட்டமன்றத்துக்கு முற்றிலும் வேறான இன்னொரு வரைபடமும் உண்டு. இரண்டையும் வரைபவர்களும் வேறு, மாற்றும் காலமும் வேறு. வான்கூவர்-பரார்டு என்ற பெயர் இரண்டு வரைபடங்களிலும் இருந்தது. நாடாளுமன்றத் தொகுதி 1935ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து 1968 வரை நீடித்தது. பர்கர் அதன் உறுப்பினராக 1962இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963இல் ரான் பாஸ்ஃபோர்டிடம் தோற்றார். பிறகு 1966இல் அதே பெயருள்ள மாகாணத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். அவருக்கு ஒரு தலைமுறை முன்னால் ஜெரால்டு மெக்கீரும் இதையே செய்தார்: 1933இல் மாகாணத் தொகுதி, 1935இல் நாடாளுமன்றத் தொகுதி, இடையில் வான்கூவர் நகர மேயர் பதவி வேறு. எனவே இந்தப் பெயரை எங்கே கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, ஒட்டாவாவா, மாகாணத் தலைநகரான விக்டோரியாவா என்பதுதான். நான் பார்த்த குடும்ப வரலாறுகளில் பாதிப் பிழை இந்த இடத்தில்தான் நுழைகிறது.

பெயரைப் பற்றி ஒரு சொல். 1792இல் கடற்படைக் கப்பல்தலைவர் ஜார்ஜ் வான்கூவர் இன்று பரார்டு கழி எனப்படும் கடற்கழியை அளந்தபோது, தம்முடைய கடற்படை நண்பரான ஹாரி பரார்டின் பெயரை அதற்கு வைத்தார். கடற்கழியின் பெயர் பின்னர் நகர மையத்தின் ஒரு தெருவுக்கும், அந்தத் தெருவின் தென்கோடியில் ஃபால்ஸ் கிரீக் கழியைக் கடக்க 1932இல் திறக்கப்பட்ட பாலத்துக்கும் வந்தது. பாலம் திறந்த அடுத்த ஆண்டில் தொகுதியும் அந்தப் பெயரோடு பிறந்தது. ஆக, பரார்டு என்பது வான்கூவரில் ஒரு பேட்டையின் பெயர் அன்று. நகரத்தின் பல பக்கங்களுக்கும் பொருந்தக்கூடிய பொதுப்பெயர். எல்லை வரைபவர்களுக்கு இத்தகைய பெயர் மிகவும் வசதியானது.

1933க்கு முன்னால் நகரம் முழுவதும் வான்கூவர் சிட்டி என்ற ஒரே தொகுதியாக இருந்தது. 1890இல் அதற்கு 2 உறுப்பினர்கள். நகரம் பெருகப் பெருக 1903இல் 5 பேர், 1916இல் 6 பேர். ஆறு இடங்களுக்கும் ஊர் முழுவதும் சேர்ந்து வாக்களிக்கும். இந்தத் தொகுதியில்தான் 1918 ஜனவரி இடைத்தேர்தலில் மேரி எல்லன் ஸ்மித், தம் கணவரும் நிதியமைச்சருமான ரால்ஃப் ஸ்மித்தின் மறைவால் காலியான இடத்தில் சுயேச்சையாக நின்று, அந்தச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1921இல் இலாகா இல்லாத அமைச்சராகி, பிரிட்டிஷ் பேரரசிலேயே அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் என்று பெயர் பெற்றார். உங்கள் கட்டுரை பிரவுனைப் பற்றியது என்பதால் இதைச் சொல்கிறேன்: அவர் 1972இல் வென்ற தொகுதி, இந்த ஆறு இடத் தொகுதியைத் துண்டாக்கியபோது கிடைத்த துண்டுகளில் ஒன்று.

அதே பழைய தொகுதி ஒரு வழக்குக்கும் களமாயிற்று. வான்கூவர் தேர்தல் வரலாற்றை எழுதும் எவரும் அதைத் தாண்டிச் செல்லக்கூடாது. 1900ஆம் ஆண்டில், ஜப்பானில் பிறந்து பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றிருந்த டோமேகிச்சி ஹோமா என்பவர், வான்கூவர் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்கும்படி கேட்டார். பட்டியல் அதிகாரி மறுத்தார், ஏனெனில் 1895ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் ஜப்பானியர்களுக்கு வாக்குரிமையை மறுத்திருந்தது. ஹோமா மாகாண நீதிமன்றங்களில் வென்றார். பேரரசின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1902இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. குடியுரிமை வேறு, வாக்குரிமை வேறு, பின்னதை மாகாணம் தன் விருப்பப்படி வரையறுக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். சீனரும் பூர்வகுடியினரும் 1870களிலேயே விலக்கப்பட்டிருந்தனர். 1907இல் ‘இந்து’ என்ற சொல்லால் இந்தியர் அனைவரும், சீக்கியர் உட்பட, விலக்கப்பட்டனர். 1914இல் கொமகட்டா மாரு கப்பல் இந்தியாவைச் சேர்ந்த 376 பயணிகளோடு இரண்டு மாதம் பரார்டு கழியில் கரையேற அனுமதியின்றி நின்றபோது, கரையில் அவர்களுக்காக உழைத்த இந்தியர் எவருக்கும் அந்த நகரத்தின் அன்றைய ஐந்து இடங்களில் ஒன்றுக்குக்கூட வாக்களிக்கும் உரிமை இல்லை. இந்தியருக்கும் சீனருக்கும் 1947இலும், ஜப்பானியருக்கும் பூர்வகுடியினருக்கும் 1949இலும் மாகாண வாக்குரிமை திரும்பியது. ஆகவே 1933 முதல் 1945 வரையிலான வான்கூவர்-பரார்டு முடிவுகளைப் பார்க்கும்போது, அந்த எண்கள் அங்கே வாழ்ந்த எல்லாருடைய எண்களும் அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1929 ஜனவரியில் பாயிண்ட் கிரே, தெற்கு வான்கூவர் என்ற இரு நகராட்சிகளும் வான்கூவரோடு இணைந்தன. அதற்குப் பிறகு வந்த மறுவரையறையில், 1933ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக, நகரம் நான்கு தொகுதிகளாகப் பிரிந்தது: பரார்டு, சென்டர், ஈஸ்ட் ஆகியவற்றுக்கு ஆளுக்கு 2 இடங்கள், பாயிண்ட் கிரேக்கு 3 இடங்கள். இதோ உங்கள் முதல் ஐயத்துக்கு விடை. அன்றைய பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற விதி இல்லை. நகரத் தொகுதிகள் பெரும்பாலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாகவே இருந்தன. வாக்காளர் கையில் ஒரே சீட்டு. அதில் எல்லா வேட்பாளர் பெயரும் இருக்கும். அவர் இரண்டு பேருக்கு எதிரே குறியிடலாம். அதிக வாக்குப் பெற்ற முதல் இருவர் வெற்றி பெறுவர். பெரிய கட்சிகள் தலா இருவரை நிறுத்தும்.

இந்த முறையின் விளைவுகளில் ஒன்று கட்டுரையாளர்களை அடிக்கடி ஏமாற்றுகிறது. கணக்குக்காக மட்டும் 1,000 பேர் வாக்களித்த ஒரு தொகுதியைக் கற்பனை செய்துகொள்வோம். எல்லாரும் இரண்டு குறியும் இட்டால் வேட்பாளர்கள் பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகை 2,000 ஆகும். ஒருவர் 520 வாக்குப் பெற்றால் அட்டவணையில் அவருடைய பங்கு 26 சதவீதம் என்று தெரியும். ஆனால் வாக்குச்சாவடிக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவரைத் தேர்ந்திருக்கிறார்கள். சிலர் தமக்குப் பிடித்த ஒருவருக்கு மட்டும் குறியிட்டு, இரண்டாவது குறியை வேண்டுமென்றே விட்டுவிடுவதும் உண்டு. அப்போது கூட்டுத்தொகை 2,000க்குக் குறையும், எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதைக் கூட்டுத்தொகையை இரண்டால் வகுத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. எனவே 1975க்கு முற்பட்ட பரார்டு சதவீதங்களை 1991க்குப் பிற்பட்ட சதவீதங்களோடு நேராக ஒப்பிடுவது கூடாது. ஒப்பிட்டு ‘ஆதரவு இரண்டு மடங்கானது’ என்று எழுதப்பட்ட வாக்கியங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 1952, 1953 ஆகிய இரண்டு தேர்தல்களில் மட்டும் விருப்ப வரிசை வாக்கு நடைமுறையில் இருந்தது. சி.சி.எஃப். என்ற இடதுசாரிக் கட்சி ஆட்சிக்கு வந்துவிடாமல் தடுக்க லிபரல்களும் கன்சர்வேட்டிவ்களும் கொண்டுவந்த ஏற்பாடு அது; இறுதியில் பயன் பெற்றது, யாரும் பெரிதாக எண்ணியிராத சோஷியல் கிரெடிட் கட்சி. 1952இல் அக்கட்சிக்கு 19 இடம், சி.சி.எஃப்.புக்கு 18. பரார்டு போன்ற இரட்டைத் தொகுதிகளில் அப்போது ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிச் சீட்டு தரப்பட்டது. அ, ஆ என்று இரண்டு தேர்தல்கள் ஒரே நாளில் நடப்பதுபோல. ஒவ்வொரு சீட்டிலும் வாக்காளர் 1, 2, 3 என்று எண்ணிட வேண்டும். யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அந்த ஆண்டுகளின் அட்டவணையில் ஒரே வேட்பாளருக்குப் பல எண்கள் இருப்பது அச்சுப்பிழை அன்று. முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் அவை. அப்படி 1952இல் வென்ற எரிக் மார்ட்டின் நீண்ட காலம் மாகாணச் சுகாதார அமைச்சராக இருந்தார்.

அதற்கு முன்னரே, 1941இல், சி.சி.எஃப்.பின் கிரேஸ் மெக்கின்னிஸ் இத்தொகுதியில் வென்றிருந்தார். அக்கட்சியின் நிறுவனர் ஜே.எஸ். உட்ஸ்வொர்த்தின் மகள் அவர். இரட்டைத் தொகுதியில் பெண்களுக்கு வாய்ப்பு எளிது, ஏனெனில் கட்சி ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சேர்த்து நிறுத்தலாம் என்று ஒரு கருத்து உண்டு. பரார்டின் பட்டியலைப் பார்த்தால் அது உண்மை போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தொகுதியை வைத்து அதை நிறுவிவிட முடியாது என்பதால், ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் நான் போகமாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று: இரண்டு இடங்களும் பெரும்பாலும் சேர்ந்தே கைமாறின. 1966இல், சி.சி.எஃப்.பின் வாரிசான புதிய ஜனநாயகக் கட்சியின் பர்கரும் ரே பார்க்கின்சனும் வென்றனர். 1969இல் பர்கர் கட்சித் தலைவராகவே போட்டியிட்டும் தம் இடத்தை இழந்தார், இரண்டு இடங்களும் சோஷியல் கிரெடிட்டுக்குத் திரும்பின. தலைமை டேவ் பேரட்டிடம் போயிற்று. 1972இல் அவர் 55 இடங்களில் 38ஐ வென்று ஆட்சி அமைத்த அலையில்தான் பிரவுனும் பார்ன்ஸும் சட்டமன்றத்துக்குள் வந்தனர். ஜமைக்காவில் பிறந்த சமூகப் பணியாளர் பிரவுன், கனடாவின் மாகாணச் சட்டமன்றம் ஒன்றில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண். பார்ன்ஸும் சமூகப் பணியாளர்தான். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர், பி.சி. லயன்ஸ் கால்பந்து அணியின் ஆட்டக்காரராக ஊரறிந்தவர். 1975இல் பேரட்டே தம் தொகுதியில் தோற்றார். பரார்டில் இவர்கள் இருவரும் தோற்கவில்லை. அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி தேவை.

1978இல் பில் பென்னெட்டின் சோஷியல் கிரெடிட் அரசு, நீதிபதி லாரன்ஸ் எக்கார்ட்டைத் தனி ஆணையராக அமர்த்தித் தொகுதிகளை மறுவரையறை செய்தது. சட்டமன்றம் 55 இடங்களிலிருந்து 57ஆக வளர்ந்தது. ஆனால் வான்கூவர் நகரத்தின் இடங்கள் 12இலிருந்து 10ஆகக் குறைந்தன. அதற்குள் ஆறாகியிருந்த நகரத்தின் இரட்டைத் தொகுதிகள் ஐந்தாயின. ஒழிக்கப்பட்டது பரார்டு. அதே அறிக்கையில், அமைச்சர் கிரேஸ் மெக்கார்த்தியின் லிட்டில் மவுண்டன் தொகுதியோடு மேற்குப் பக்கத்தில் ஓர் ஒடுங்கிய நிலத்துண்டு ஒட்டப்பட்டிருந்தது. வரைபடத்தில் அது நீட்டிய விரல்போல இருந்ததால் ‘கிரேசியின் விரல்’ என்று பத்திரிகைகள் பெயரிட்டன. இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சி வைத்திருந்த இரண்டு இடங்கள் போயின என்பதும், ஆளுங்கட்சி அமைச்சரின் தொகுதிக்கு விரல் முளைத்தது என்பதும் உறுதி. பரார்டை ஒழித்தது பழிவாங்கும் நோக்கத்தோடுதான் என்பது அன்றைய எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டு. என் கணிப்பும் அதன் பக்கம் சாய்கிறது, ஆனால் அது கணிப்பே. வான்கூவர் மக்கள்தொகை புறநகரங்களின் அளவுக்கு வளரவில்லை என்பதும் உண்மை. விரலை எந்த மக்கள்தொகைக் கணக்காலும் விளக்க முடியவில்லை. நகரத்தில் ஒரு தொகுதி குறைந்ததை ஓரளவு விளக்கலாம். கட்டுரையில் இரண்டையும் ஒரே குற்றமாகச் சேர்த்துவிடாதீர்கள்.

1979 தேர்தலில் பிரவுன் பக்கத்து நகரான பர்னபியின் எட்மண்ட்ஸ் தொகுதிக்குப் போய் வென்று 1986 வரை உறுப்பினராக இருந்தார். பார்ன்ஸ் வான்கூவர் சென்டருக்கு நகர்ந்தார். அந்த நாள்களில் வெஸ்ட் எண்டும் நகர மையமும் சென்டர் தொகுதியில் அடங்கியிருந்தன. 1986இல் அரசு உதவித்தொகையை மட்டும் வைத்து ஒருவர் உயிர்வாழ முடியுமா என்று காட்ட, பார்ன்ஸ் சில வாரங்கள் அந்தத் தொகையிலேயே வாழ்ந்து உடல் மெலிந்து திரும்பியதும் அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தபோதுதான். அதைப் பரார்டு கணக்கில் எழுதுவது பிழை.

பெயர் மீண்டும் உயிர்பெற்றதற்குக் காரணம் ஒரு வழக்கு. 1986 தேர்தலில் 52 தொகுதிகளில் 69 உறுப்பினர்கள், அதாவது 17 இரட்டைத் தொகுதிகள். அட்லின் தொகுதியில் 5,511 பேருக்கு ஓர் உறுப்பினர், சர்ரே-நியூட்டனில் 68,347 பேருக்கு ஓர் உறுப்பினர். இரட்டைத் தொகுதிகளை ஒழிக்க வழி காண 1987இல் நீதிபதி தாமஸ் ஃபிஷர் அமர்த்தப்பட்டார். 75 ஒற்றைத் தொகுதிகள், சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்று 1988 இறுதியில் அவர் பரிந்துரைத்தார். குடிமக்களின் உரிமைகளுக்கான அமைப்பு ஒன்றின் தலைவர் ஜான் டிக்சன் தொடுத்த வழக்கில், அப்போது மாகாண உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பெவர்லி மெக்லாக்லின், பழைய வரைபடம் கனடா அரசியலமைப்பின் உரிமைச் சாசனத்தின் 3ஆம் பிரிவு தரும் வாக்குரிமைக்கு முரணானது என்று 1989இல் தீர்ப்பளித்தார். கனடாவின் தொகுதி வரையறை வழக்குகளுக்கெல்லாம் இதுவே தொடக்கம். ஃபிஷரின் 75 தொகுதிகளில் ஒன்றுக்கு வான்கூவர்-பரார்டு என்று பெயரிட்டார்கள். வான்கூவர் சென்டர் என்ற மாகாணத் தொகுதி அத்தோடு மறைந்தது. 1991இல் பார்ன்ஸ் சென்டரிலிருந்து புதிய பரார்டுக்கு வந்து வென்றார். 1994இல் சபாநாயகரானார், கனடாவில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். வாழ்க்கைக் குறிப்புகளில் அவர் ‘பழைய தொகுதிக்குத் திரும்பினார்’ என்று எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புதிய பரார்டு அதிகமும் சென்டரின் வாரிசே. அவர் திரும்பியது பெயருக்கு; அவருடைய வாக்காளர்களில் பலர் 1979 முதல் கூடவே இருந்தவர்கள்.

இரண்டாவது பரார்டின் கதையை நீட்ட வேண்டியதில்லை. 1996இல் டிம் ஸ்டீவன்சன், தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று மறைக்காமல் சொல்லி நின்ற மதகுரு, வென்றார். 2001இல் புதிய ஜனநாயகக் கட்சி 79இல் 2 இடங்களுக்குச் சுருங்கியபோது லிபரல் கட்சியின் லார்ன் மேயன்கோர்ட் அவரைத் தோற்கடித்தார். 2005இல் அதே இருவர் மோதி, நீதிமன்ற மறு எண்ணிக்கைக்குப் பிறகு மேயன்கோர்ட் 11 வாக்குகளில் தப்பினார். அதே நாளில் பல உறுப்பினர் தொகுதிகளை வேறு வடிவில் மீட்க ஒரு பொது வாக்கெடுப்பும் நடந்தது. 57 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தும், 60 சதவீத வரம்பைத் தொடாததால் தோற்றது. மேயன்கோர்ட் நாடாளுமன்றத் தேர்தலுக்காகப் பதவி விலக, 2008 அக்டோபர் இடைத்தேர்தலில் ஸ்பென்சர் ஹெர்பர்ட் வென்றார். வான்கூவர்-பரார்டு என்ற பெயரில் நடந்த கடைசித் தேர்தல் அதுதான். நீதிபதி புரூஸ் கோயன் தலைமையிலான ஆணையம் வரைந்த 85 தொகுதிகளில் அது இல்லை. 2009 தேர்தலில் அதன் நிலம் முக்கியமாக வெஸ்ட் எண்டு, ஃபால்ஸ் கிரீக் என்ற இரண்டு தொகுதிகளுக்குப் போயிற்று. இந்த முறை யாரும் பழிவாங்கல் என்று சொல்லவில்லை. நகர மையத்தில் அடுக்குமாடிகள் எழுந்து மக்கள் பெருகியதால் ஒரு தொகுதிக்கு அது கொள்ளவில்லை. 2024 தேர்தலுக்குள் ஃபால்ஸ் கிரீக்கும் பெயர் இழந்து, யேல்டவுன் முதலிய புதிய பெயர்கள் வந்துவிட்டன.

கட்டுரைக்கு என் ஆலோசனை: பிரவுனின் பெயரோடு ‘வான்கூவர்-பரார்டு (1933–1979, இரட்டை உறுப்பினர் தொகுதி)’ என்று ஆண்டுகளையும் சேர்த்தே எழுதுங்கள், ‘இன்றைய வெஸ்ட் எண்டு தொகுதி’ என்று விளக்கம் தந்துவிடாதீர்கள். எந்தெந்தத் தெருவிலிருந்து அவருக்கு வாக்கு விழுந்தது என்று காட்ட விரும்பினால், அன்றைய மாகாணச் சட்டத்தின் அட்டவணையில் எல்லைகள் தெருக்களின் நடுக்கோடு வழியே சொற்களால் விவரிக்கப்பட்டிருக்கும்; அதை 1972ஆம் ஆண்டு நகர வரைபடத்தின் மேல் பென்சிலால் வரைந்து பார்ப்பதுதான் நம்பகமான வழி. இன்றைய வரைபடத்தின் மேல் வரையாதீர்கள், ஃபால்ஸ் கிரீக் ஓரத்தில் அன்றைய ஆலைகளும் இரயில் நிலமும் இருந்த இடத்தில் இன்று வேறு தெருக்கள் ஓடுகின்றன. பார்ன்ஸின் பெயரில் நகர மையத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. அது அவருடைய இரண்டாவது பரார்டின் நிலத்தில் உள்ளது, பிரவுனோடு சேர்ந்து வென்ற முதல் பரார்டுக்குச் சான்றாக அதன் படத்தைப் போடவேண்டாம்.